மிதித்தால் நிற்குமா?

ரோட்டில் ஓடும் காரும் டிராக்கில் ஓடும் காரும் பிரேக்கிடம் கேட்கும் வேலை வேறு வேறு. சிவப்பு காலிப்பர் வாங்கக் கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு…

ஐந்தாவது சுற்றில்தான் அது நடந்தது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க விடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நேர்பாதை முடியும் இடத்தில் பிரேக்கை மிதித்தேன். நான்கு சுற்றும் கல் மாதிரி நின்ற பெடல், இப்போது பஞ்சை மிதித்ததுபோலத் தரை வரை போயிற்று. கார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது. மூன்றாவது மிதிக்கு இன்னும் கொஞ்சம். நான்காம் கியரிலிருந்து மூன்று, அப்புறம் இரண்டு என்று இறக்கி, வளைவை விட்டு வெளியே புல்லில் பாய்ந்து, செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஒருவழியாக நின்றேன்.

மெல்ல உருட்டிக்கொண்டு பிட்டுக்கு வந்தபோது முன்சக்கரங்களிலிருந்து இரும்பும் பிசினும் சேர்ந்து கருகிய வாடை. பக்கத்துக் காரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் ஒருவர் எட்டிப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். கேட்காமலே பானெட்டைத் தூக்கி, பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திருகி, உள்ளே டார்ச் அடித்தார். ஆறிப்போன டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது ஆயில்.

“ஓட்டை போட்ட டிஸ்க்கு… புதுசா?”

“ஆமாண்ணே. போன மாசம் மாத்தினேன்.”

“காலிப்பர்ல சிவப்பு பெயின்ட்டு?”

“நானே அடிச்சது.”

“ஆயில் எப்ப மாத்துனீங்க?”

யோசித்துப் பார்த்தேன். கார் வாங்கி நான்கு வருடம். மாற்றியதாக ஞாபகம் இல்லை.

“கண்ணுக்குத் தெரியறத எல்லாம் மாத்தியிருக்கீங்க தம்பி,” என்று சொல்லி மூடியை மூடினார்.

சூட்டுக் கணக்கு

அடுப்பு என்று நினைத்துக்கொண்டால் பிரேக் சுலபமாகப் புரியும். ஓடுகிற காரின் வேகத்தை வாங்கி, சூடாக மாற்றி, அந்தச் சூட்டைக் காற்றில் விடுகிறது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை, காலிப்பருக்குள் இருக்கும் பேட் இறுக்கிப் பிடிக்கும் மூன்று நான்கு நொடிக்குள் வேகம் முழுவதும் இரும்புக்குள் சூடாக இறங்கிவிடும். அதைக் காற்று எடுத்துக்கொண்டு போவதற்கோ நிமிடக்கணக்கில் ஆகும். ரோட்டு பிரேக்குக்கும் டிராக் பிரேக்குக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் இந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கிறது.

ஓட்டுபவரோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள சின்ன ஹேட்ச்பேக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும்போது அதனிடம் உள்ள ஆற்றல் சுமார் 424 கிலோஜூல். பிரேக் பிடித்ததும் எடை முன்பக்கம் சாய்வதால், இதில் ஏறக்குறைய 70 சதவீதம் முன் பிரேக்குகளின் தலையில் விழும். முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 5 கிலோ என்று வைத்தால், 100இல் இருந்து ஒரே ஒரு முறை நிறுத்தியதற்கு டிஸ்க்கில் 65 டிகிரி செல்சியஸ் போலச் சூடு ஏறும். ரோட்டில் இது ஒன்றுமே இல்லை. தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் யாரோ குறுக்கே புகுந்தார் என்று அழுத்தி நிறுத்துகிறோம். அதே மாதிரி இன்னொரு அழுத்து அழுத்த வேண்டிய நிலை வருவதற்குள் டிஸ்க் ஆறிவிடும்.

டிராக்கில் கதை வேறு. அதே கார் 150இல் வந்து, வளைவுக்காக 70க்கு இறங்குகிறது என்று வையுங்கள். ஒரு தடவைக்கு 110 டிகிரிக்கு மேல் ஏறும். அரை நிமிடத்தில் அடுத்த வளைவு. இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். எல்லாவற்றிலும் பிரேக் பிடிக்கத் தேவையில்லை என்றாலும், சுற்றுக்கு நான்கைந்து முறையாவது காலை அழுத்தி ஊன்றியாக வேண்டும். முந்தைய சூடு பாதி ஆறுவதற்குள் அடுத்தது ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஐந்தாறு சுற்றில் சாதாரண டிஸ்க் 500 டிகிரியைத் தொடுவது ஒன்றும் அதிசயமில்லை. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்த சூத்திரம், பிட்டில் கருகல் வாடையாக வந்து நிற்கும்.

ஆகவே ‘எந்த பிரேக் நல்லது?’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. எத்தனை சூட்டில், எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் பிடிக்கப் போகிறீர்கள் என்பதைச் சொன்னால்தான் பேச்சு தொடங்கும்.

நிறுத்துவது யார்?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் அலங்காரக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. அங்கே சிவப்பு, மஞ்சள், நீல நிறங்களில் காலிப்பர் மூடி விற்பார்கள். பிளாஸ்டிக் அல்லது தகர மூடி. நிஜ காலிப்பரின் மேல் கவிழ்த்து மாட்டிக்கொள்ள வேண்டியது. அலாய் வீல் இடுக்கு வழியே பார்த்தால் பந்தயக் கார் மாதிரி தெரியும். காற்றுப் பட வேண்டிய இடத்தில் போர்வை போர்த்துகிற வேலை அது. அதை விட மோசமான செலவு இல்லை என்பது என் கட்சி. என் சிவப்பு பெயின்ட்டாவது காற்றை மறிக்கவில்லை.

மூடியை விடுங்கள். நிஜமாகவே பெரிய காலிப்பர், பெரிய டிஸ்க் போட்டால் கார் சீக்கிரம் நிற்குமா? ஒரு தடவை பிடிக்கிற பிரேக்கில், அநேகமாக நிற்காது. காரைச் சாலையோடு பிடித்து வைத்திருப்பது டயர். நன்றாகப் பராமரித்த எந்தக் கம்பெனி பிரேக்கும், 100 கிலோமீட்டர் வேகத்தில் முழு பலத்தோடு மிதித்தால் சக்கரத்தை லாக் செய்யும் அளவுக்குப் பிடிக்கும். அந்த எல்லையைத் தொட்டதும் ஏபிஎஸ் தடதடவென்று பெடலை உதறும். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதுக் கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். உங்கள் காரில் ஏபிஎஸ் உதறுகிறது என்றால், பிரேக்கிடம் பலம் மிச்சம் இருக்கிறது, டயரிடம்தான் பிடி தீர்ந்துபோயிற்று என்று பொருள்.

கணக்காகவே பார்க்கலாம். உராய்வு 0.8 உள்ள டயரோடு 100இல் இருந்து நிற்க 49 மீட்டர் வேண்டும். உராய்வு 1.0 உள்ள நல்ல டயர் 39 மீட்டரில் நிறுத்தும். பத்து மீட்டர் என்றால் இரண்டு கார் நீளத்துக்கும் மேல். காலிப்பருக்கு வைத்திருந்த காசில் நல்ல டயர் நான்கு வாங்கினால், பெரும்பாலான ரோட்டு கார்களுக்கு அதுதான் சரியான பிரேக் அப்கிரேடு. ஐந்தாறு வருடம் ஆகிக் கெட்டித்துப்போன டயரோடு டிஸ்க் மாற்றிக் கேட்பவர்களிடம் புதுப்பேட்டையில் ஒரு மெக்கானிக் சொல்வார்: “செருப்பு வழுக்குதுன்னா கால மாத்துவீங்களா சார்?”

அது ஆயிலே இல்லை

நாம் ‘பிரேக் ஆயில்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் கிளைகால் சேர்மங்களால் ஆன திரவம். அதன் பெரிய குணமும் பெரிய குறையும் ஒன்றே: ஈரத்தை உறிஞ்சும். மூடி இறுக்கமாக இருந்தாலும், வருடக்கணக்கில் ரப்பர் ஹோஸ் வழியாகவும் காற்றின் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்ச் சேரும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஈரம் சேர்ந்தால் என்ன? கொதிநிலை இறங்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த எல்லை 155. பழைய டாட் 3க்கு இது 205, 140. டாட் 5.1க்கு 260, 180. டிஸ்க்கில் ஏறிய சூடு பேட் வழியாகக் காலிப்பர் பிஸ்டனுக்கு வந்து, அங்கே நிற்கும் ஆயிலைக் கொதிக்க வைத்தால் நீராவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். காலின் பலம் எல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். டிஸ்க்குக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஐந்தாவது சுற்றில் என் காலடியில் நடந்தது அதுதான்.

டிராக்குக்குப் போகிறவர்கள் ரேஸ் ஆயில் ஊற்றுகிறார்கள். மோட்டுல் ஆர்பிஎஃப் 600இன் கொதிநிலை 312 டிகிரி. காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் 320. தண்ணீர் சேர்ந்த பிறகும் 270 வரை தாங்கும் என்பதால்தான் அதற்கு விலை அதிகம். ரோட்டு காருக்கு இவை தேவையில்லை. நல்ல டாட் 4ஐ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். விலை உயர்ந்த ஆயிலை ஊற்றிவிட்டு நான்கு வருடம் மறந்துபோகிறவரை விட, சாதாரண ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறவர் பாதுகாப்பாக மலை இறங்குவார். ஒன்று மட்டும் கவனம்: டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிக்கோன். டாட் 5.1 என்று நினைத்து அதை ஊற்றிவிடாதீர்கள். மற்றவற்றோடு அது கலக்காது, ஏபிஎஸ் காருக்கும் ஆகாது.

மாற்றும்போது நான்கு சக்கரத்திலும் ‘ஏர் எடுத்து’ பழைய ஆயில் முழுவதும் வெளியேறும் வரை விட வேண்டும். டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றி பில் போடும் இடங்களும் உண்டு. சூடாவது காலிப்பருக்குள் நிற்கும் ஆயில். டப்பாவில் இருப்பதை மாற்றி என்ன பயன்? பக்கத்தில் நின்று, நிப்பிளில் மாட்டிய டியூபைப் பாருங்கள். கறுப்பு போய்த் தேன் நிறம் வர வேண்டும்.

பேட்: காலையில் ஒன்று, மதியம் ஒன்று

பேட் தேர்வில்தான் ரோட்டுக்காரரும் டிராக்குக்காரரும் ஒரேயடியாகப் பிரிகிறார்கள். காரணம் எளிது. எந்த பேட்டுக்கும் அது நன்றாகப் பிடிக்கும் சூடு என்று ஒரு எல்லை உண்டு. ரோட்டு பேட் ஆறிக் கிடக்கும்போதே பிடிக்கும். 350, 400 டிகிரி தாண்டினால் சோர்ந்துபோகும். ரேஸ் பேட் 600, 700 டிகிரியிலும் சளைக்காது. ஆனால் குளிர்ந்திருக்கும்போது கட்டையை வைத்துத் தேய்த்ததுபோல வழுக்கும். ரேஸ் பேட் போட்ட காரை மார்கழிக் காலையில் வீட்டு வாசலிலிருந்து எடுத்து, தெருமுனையில் சைக்கிள் பையன் குறுக்கே வரும்போது மிதித்துப் பாருங்கள். அங்கே உங்களுக்கு வேண்டியது முதல் மிதியிலேயே பிடிக்கிற பேட். பந்தயக்காரர் சூடேற்றிக்கொள்ள ஒரு சுற்று இருக்கிறது. நமக்குத் தெருமுனை வரைதான் இருக்கிறது.

இன்னும் சில தொல்லைகள். ரேஸ் பேட் கத்தும். சிக்னலில் நிற்கும்போது தகரத்தை ரம்பத்தால் அறுக்கிற சத்தம் வரும். பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார். டிஸ்க்கை வேகமாகத் தின்னும். அதன் தூள் அலாய் வீலில் ஒட்டி, மழை பட்டால் துருவாகக் கறை பிடிக்கும். இதையெல்லாம் பந்தயக்காரர் பொறுத்துக்கொள்வார். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிறவர் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, அதுதான் ஆபத்து. ரோட்டு பேட்டோடு டிராக்கில் இறங்குவது. அதில் பெடல் தரைக்குப் போகாது. கல் மாதிரி கெட்டியாக நிற்கும். கார் மட்டும் நிற்காது. பேட்டின் பிசின் சூட்டில் சோர்ந்து டிஸ்க்கைப் பிடிக்க மறுப்பதால் வருவது இது. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் பாதிப் பணம் மிச்சம். பெடல் பஞ்சானால் ஆயில். பெடல் கெட்டியாக இருந்தும் கார் ஓடினால் பேட். காலுக்குத் தெரியும், காலிடம் கேட்க வேண்டும்.

பேட் வாங்கும்போது பின்தகட்டிலோ ஓரத்திலோ அச்சிட்ட எழுத்துகளைப் பாருங்கள். பல பேட்களில் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். ‘இ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55. இரண்டும் எஃப் என்றால் ஆறிய போதும் சூட்டிலும் ஒரே மாதிரி நடுத்தரமாகப் பிடிக்கும் பேட். ரோட்டுக்குத் தைரியமாகப் போடலாம். பெட்டியில் ‘ஸ்போர்ட்ஸ்’ என்று தீப்பிழம்புப் படம் போட்டிருப்பதை விட இந்த இரண்டு எழுத்து அதிகம் பேசும். பிரேக் பாகங்கள் என்றதும் எல்லாம் இத்தாலியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வர வேண்டும் என்று நினைக்கத் தேவையில்லை. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962இல் தொடங்கியது. ரானே பிரேக் லைனிங் 1964இல். பிரேக் பாகங்கள் செய்வது சென்னைக்காரர்களுக்கு இரண்டு மூன்று தலைமுறைத் தொழில்.

வருடத்துக்கு இரண்டு முறை டிராக்குக்குப் போகிறவர், மற்ற நாளெல்லாம் அதே காரில் அலுவலகம் போகிறவர் என்ன செய்வது? இரண்டுக்கும் ஒரே பேட் என்று தேடினால் இரண்டிலும் அரைகுறையாகத்தான் கிடைக்கும். என் யோசனை, இரண்டு செட் வைத்துக்கொள்வது. முன்சக்கர பேட் மாற்றுவது பழகினால் ஒரு மணி நேர வேலை. டிராக்குக்கு முதல் நாள் மாட்டி, வந்ததும் கழற்றிவிடலாம். ஒன்று மறக்கக் கூடாது: பாதிக்கு மேல் தேய்ந்த பேட்டோடு டிராக்கில் இறங்காதீர்கள். பேட்டின் தடிமன்தான் ஆயிலுக்கும் டிஸ்க்கின் சூட்டுக்கும் நடுவில் நிற்கும் சுவர்.

ரோட்டு காரின் ரேஸ் டிராக், மலைப்பாதை

ரோட்டு காருக்கு இவ்வளவு சூடு எப்போதும் வராது என்று சொன்னேன். ஒரு விலக்கு இருக்கிறது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. அதில் பிரேக் போய்ப் பள்ளத்தில் விழுந்த கார்களின் கதை நீளம் என்பதால்தான், வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கத் தடை வந்தது.

ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய கார் 1,400 கிலோ என்று வைப்போம். ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து கீழே வந்தால் 13,700 கிலோஜூல் சூடாக மாறியாக வேண்டும். அதே காரை 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 25 முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். வேகம் 30தானே என்று நாம் நினைப்போம். மெதுவாகப் போவதால் டிஸ்க் மேல் காற்றும் குறைவாகத்தான் படும். காலைப் பெடலில் லேசாக வைத்தபடியே முப்பது நிமிடம் இறங்குகிறவர் டிராக்கில் ஓடுகிற சூட்டை உண்டாக்குகிறார், டிராக் கார் பெறும் காற்று இல்லாமல்.

இங்கே வேண்டியது பெரிய காலிப்பர் அல்ல, இரண்டாம் கியர். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று மலைப் பேருந்து ஓட்டுநர்கள் சொல்வது, பிரேக் கடைக்காரர் விற்கிற எதையும் விட மலிவு. எஞ்சின் அந்தச் சூட்டில் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து விட்டுவிட வேண்டும். தொடர்ந்து உரசிக்கொண்டே வரக் கூடாது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில், அதுவும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குகிற மேதைகள் இன்றும் இருக்கிறார்கள். எஞ்சின் நின்றால், மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டருக்கு வாக்குவம் கிடைக்காது. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் மரக்கட்டையாகிவிடும். ஸ்டியரிங்கும் சேர்ந்து கனக்கும்.

மின்சாரக் கார்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இறங்கும்போது மோட்டாரே பிரேக் பிடித்து பேட்டரிக்குச் சார்ஜ் தரும் என்பது உண்மைதான். ஆனால் மலை உச்சி ஓட்டலில் நூறு சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கினால், அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடமில்லை. மோட்டார் பிரேக் வெகுவாகக் குறைந்துவிடும். எண்பதில் நிறுத்திக்கொண்டு இறங்குங்கள்.

ஓட்டை, கோடு, பெரிய டிஸ்க்

1953இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் சி-டைப் கார்கள் டன்லப் டிஸ்க் பிரேக்கோடு வந்து ஜெயித்தன. மற்றவர்கள் டிரம் சூடாகிச் சோர்ந்துபோகும் என்று தூரத்திலேயே பிரேக் தொட்டபோது, ஜாகுவார் ஓட்டியவர்கள் வளைவுக்கு அருகில் வரை வேகத்தோடு போக முடிந்தது. டிஸ்க்கின் வெற்றி, சூட்டைத் திறந்த வெளியில் வைத்த வெற்றி. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நம் அம்பாசடரும் பத்மினியும் பெரும்பாலும் நான்கு சக்கரத்திலும் டிரம்மோடு மலை ஏறி இறங்கின. அந்தக் கால ஓட்டுநர்களுக்கு கியர் இறக்குவது ஏன் கை வந்த கலை என்பது இப்போது புரியும்.

என் காரில் இருந்த ஓட்டை டிஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். பழைய காலத்து பேட்கள் சூட்டில் வாயு விடும். அது டிஸ்க்குக்கும் பேட்டுக்கும் நடுவே மெத்தை போல நிற்கும். அதை வெளியேற்றத்தான் ஓட்டை போட்டார்கள். இப்போதைய பேட்களில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. மழையில் தண்ணீர்ப் படலத்தைத் துடைக்க ஓட்டை கொஞ்சம் உதவும், அழகாகவும் இருக்கும். டிராக்கில் சூடாகி ஆறிச் சூடாகி ஆற, ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பிலிருந்தும் மயிரிழை விரிசல் கிளம்பும். என் டிஸ்க்கை மெக்கானிக் அண்ணன் நகத்தால் தடவிக் காட்டினார். இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே நகம் லேசாகத் தட்டியது. ஒரே நாளில் வந்த விரிசல். கோடு வெட்டிய டிஸ்க் இந்த விஷயத்தில் மேல். பேட்டைச் சுரண்டிப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும், பேட் கொஞ்சம் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். ரோட்டுக்கு? ஓட்டையும் வேண்டாம் கோடும் வேண்டாம், நல்ல தரமான சாதா டிஸ்க்.

பெரிய டிஸ்க், நான்கு அல்லது ஆறு பிஸ்டன் காலிப்பர் என்று முழு கிட் வாங்குவது யாருக்கு? தொடர்ந்து டிராக்கில் ஓடுகிறவர், எஞ்சின் பலத்தைக் கூட்டியவர், நல்ல ஆயிலும் நல்ல பேட்டும் டிஸ்க்குக்குக் காற்றுக்குழாயும் போட்ட பிறகும் சூடு தீராதவர். அதிக இரும்பு என்றால் அதிகச் சூட்டைத் தாங்கும், சந்தேகமில்லை. ஆனால் முன்பக்கம் மட்டும் பெரிதாக்கினால் பின் பிரேக் வேலை செய்வதற்கு முன்பே முன்சக்கரங்கள் லாக் ஆகும். நிற்கும் தூரம் கூடினாலும் கூடும். பிஸ்டன் பரப்பு கூடினால் அதே மாஸ்டர் சிலிண்டரில் பெடல் இன்னும் ஆழமாகப் போகும். வீல் பெரிதாக வேண்டும், சக்கரத்தின் எடை கூடும், குண்டும் குழியுமான சாலையில் கார் குதிக்கும். கம்பெனி இன்ஜினியர் உட்கார்ந்து போட்ட கணக்கை ஒரு பாகத்தை மட்டும் மாற்றிக் கலைக்கிறோம்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. தேய்கிற பேட், ஆயில் மாற்றுவது வேறு. காலிப்பரையே மாற்றுமுன் இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

எஃகுக் கம்பி பின்னிய ஹோஸ் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் லேசாக ஊதும், இது ஊதாது. பெடல் இறுக்கமாக இருக்கும். பத்து வருடக் கார் என்றால் எப்படியும் ஹோஸ் மாற்ற வேண்டிய நேரம், அப்போது போடலாம்.

டிராக்குக்கு மலிவான, யாரும் பேசாத ஒரு மாற்றம் காற்றுக்குழாய். ஃபாக் விளக்கு இருக்கும் துளையிலிருந்து, துணி மூடிய வளையும் குழாய் ஒன்றை டிஸ்க்கின் நடுப்பகுதிக்கு இழுத்துவிடுவது. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். வென்டிலேட்டட் டிஸ்க் நடுவிலிருந்து காற்றை உறிஞ்சி ஓரத்தில் விடும் விசிறி என்பதால், காற்று நடுவில் போய்ச் சேர வேண்டும்.

எட்டு மிதி

புது பேட், புது டிஸ்க் மாட்டியதும் நேராக நெடுஞ்சாலைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். பேட்டிலிருந்து ஒரு மெல்லிய படலம் டிஸ்க் முழுவதும் சமமாக ஒட்டினால்தான் பிடி முழுமையாக வரும். ஆளில்லாத நல்ல சாலையில் 60இல் இருந்து 10 வரை அழுத்திக் குறைக்க வேண்டும், முழுதாக நிறுத்தக் கூடாது, மறுபடி 60. இப்படி எட்டு, பத்து முறை. ஆறாவது ஏழாவது மிதியில் வார்னிஷ் கருகியது போன்ற வாடை வரும், பயப்பட வேண்டாம். பிறகு பிரேக்கையே தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆற விட வேண்டும். சூடான டிஸ்க்கை பேட் இறுக்கிப் பிடித்தபடி சிக்னலில் நின்றால், அந்த ஓரிடத்தில் மட்டும் படலம் தடித்து ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு மிதிக்கும் ஸ்டியரிங் நடுங்கும். ‘டிஸ்க் வளைஞ்சிருச்சு’ என்று லேத்துக்கு அனுப்பப்படும் டிஸ்க்குகளில் பல வளைந்தவையே அல்ல.

ஆறு மாதம் கழித்து மறுபடி இருங்காட்டுக்கோட்டை. இந்த முறை கம்பெனி டிஸ்க், புது ரேஸ் ஆயில், டிராக் பேட், பம்பரில் துருத்திக்கொண்டு இரண்டு அசிங்கக் குழாய்கள். ஆறு சுற்று வேகமாக, ஏழாவது சுற்று பிரேக்கை அதிகம் தொடாமல் ஆற விட்டு, பிட்டுக்கு வந்தேன். பெடல் கல் மாதிரியே நின்றது. பெருமையோடு இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

அதே மெக்கானிக் அண்ணன் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பழக்க தோஷத்தில் நான் இழுத்துவிட்டிருந்த ஹேண்ட் பிரேக்கை இறக்கினார்.

“பின்னாடி டிரம்மு கொதிச்சுட்டு இருக்கும். இப்ப இழுத்து வச்சா, ஆறும்போது சுருங்கி ஷூவக் கவ்விக்கும். அப்புறம் வண்டி நகராது.”

கியரில் போட்டுவிட்டு, பக்கத்தில் கிடந்த அரைச் செங்கல்லைக் காலால் தள்ளி, சக்கரத்துக்கு அடியில் வைத்தார்.